ராகியின் முதுகுக்கு ஒரு பழைய சேணம்

ராகியின் பிடரி முடிந்து முதுகு மேடு எழும்புகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. இடதுபுறம் இருப்பது இரண்டு ரூபாய் நாணயம் அளவு. வலதுபுறம் இருப்பது கொஞ்சம் சின்னது, புளியங்கொட்டை மாதிரி நீளவாக்கில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் "பிறவியிலேயே இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை. நான் வாங்கிப் போட்ட சேணத்தால் வந்தவை அவை. ஒரே இடத்தில் நாள்கணக்காக அழுத்தம் விழுந்தால் முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போகும். அப்புறம் அங்கே முளைப்பது வெள்ளை முடிதான். உடம்பு முழுக்கக் கேழ்வரகு நிறம், அதனால்தான் ராகி என்று பெயர் வைத்தேன். அந்த இரண்டு திட்டுகள் மட்டும் இனி மாறாது.

தடை தாண்டப் போடுகிற ஜம்பிங் சேணத்தில் பழையது வாங்கலாமா, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டு எனக்கு அடிக்கடி செய்தி வருகிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெங்களூர் பந்தயத்திலிருந்து ஓய்வு பெறும் குதிரைகளில் சில நாற்பது கிலோமீட்டர் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேருகின்றன. ராகியும் அப்படி வந்தவள்தான். இந்த மண்ணுக்குக் குதிரை புதிதும் இல்லை. மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் இடம், வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம். கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, நடந்ததை முழுசாக ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ராகி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பந்தயக் குதிரைகளுக்கே உரிய உடம்பு: ஒட்டிய வயிறு, கத்தி மாதிரி எழும்பிய முதுகு மேடு, அதன் இரண்டு பக்கமும் பள்ளம். ஆறு மாதம் மேய விட்டு, பிறகு மெதுவாக வேலை கொடுத்து, எழுபது எண்பது சென்டிமீட்டர் தடைகளைத் தாண்டப் பழக்கினேன். அந்தச் சமயத்தில்தான் வேறொரு ஊரில் ஒருவர் பழைய வெளிநாட்டு ஜம்பிங் சேணம் விற்கிறார் என்று தெரிந்து, புகைப்படம் மட்டும் பார்த்து 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். பழுப்புத் தோல், பளபளப்பு, உட்கார்ந்தால் மெத்தை. "பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் இது கச்சிதமா பொருந்தும்" என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன்.

முதல் இரண்டு மாதம் பொருந்தத்தான் செய்தது. பிரச்சினை மெதுவாக வந்தது. அவித்த கொள்ளும் பச்சைப் புல்லும் தின்று, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து ராகிக்குச் சதை பிடித்தது. மேட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த பள்ளம் நிரம்பியது. குதிரை வளர்ந்தது, சேணம் அப்படியே இருந்தது. வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போது காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தாள். பிறகு காற்றைக் கடித்தாள். பிறகு தடைக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு நாள் தாண்டுவாள், மூன்றாம் நாள் நிற்பாள். பிடிவாதம் என்றார்கள் சிலர். பயம் போக இன்னும் அடிக்கடி தாண்ட வைக்க வேண்டும் என்றார்கள். நானும் தாண்ட வைத்தேன். முதுகு நோகிறதோ என்று நினைத்து, சேணத்துக்கு அடியில் ஜெல் மெத்தை ஒன்று வாங்கி வைத்தேன். இன்னும் மோசமானது.

கால்நடை மருத்துவர் வந்து நான்கு காலையும் பார்த்தார். காலில் ஒன்றும் இல்லை என்றார். முதுகு மேட்டின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினார். ராகி முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அன்று மாலை என் அப்பா லாயத்துக்கு வந்தார். அப்பா குதிரை ஏறியவர் அல்ல. எருது வைத்து உழுதவர், எருதுவிடும் விழாவுக்கு மாடு பழக்கியவர். சேணத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஜெல் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணு, நுகத்தடி கழுத்தக் கடிச்சுச்சுன்னா சாக்கு சுத்துவாங்க சில பேர். நுகத்தடி பெரிசா இருந்தா சாக்கு சரி. சின்னதா இருந்தா சாக்கு சுத்தச் சுத்த இறுகத்தானே செய்யும்?"

சேணத்துக்குள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் இருக்கும். அது குறுகலாக இருக்கும் சேணத்துக்கு அடியில் மெத்தை மேல் மெத்தையாக அடுக்கினால் இறுக்கம்தான் கூடும். நான்கு மாதம் நான் செய்ததெல்லாம் அதுதான். அன்றைக்கே சேணத்தைக் கழற்றி வைத்தேன். மூன்று மாதம் ராகியின் முதுகில் எதையும் ஏற்றவில்லை, கயிற்றில் நடத்திக்கொண்டு மட்டும் போனேன். வெள்ளை முடி முளைத்தது அந்த மாதங்களில்தான்.

அந்த மூன்று மாதத்தில் குதிரையின் முதுகைப் பற்றிப் படித்தேன், தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜம்பிங் சேணத்தை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

மனிதருக்கு இருக்கிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் உடம்போடு சதையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் முன்னங்காலை முன்னே நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னால் வழுக்கி வரும். தடை தாண்டும்போது காலை மடக்கித் தூக்க வேண்டுமே, அப்போது இன்னும் அதிகமாக வரும். சேணத்தின் முன்பக்கம் அந்த எலும்பின் மேலோ அதை ஒட்டியோ இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு தாண்டலிலும் எலும்பு வந்து சட்டத்தில் இடிக்கும். ராகி நின்றது பிடிவாதத்தால் அல்ல.

நாம் உட்காருகிற விதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தடை தாண்டும்போது இருக்கையில் உட்காருவதில்லை, அங்கவடியில், அதாவது காலை நுழைக்கும் வளையத்தில், நின்று முன்னால் சாய்கிறோம். இந்த முறையை உருவாக்கியவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907). அவருக்கு முன்பு தாண்டும்போது பின்னால் சாய்ந்து உட்காருவதுதான் வழக்கம். குதிரையின் முதுகையும் வாயையும் விட்டுவிட்டு நாம்தான் அதன் போக்குக்குப் போக வேண்டும் என்று அவர் காட்டினார். இன்றைய ஜம்பிங் சேணத்தின் வடிவமே அதிலிருந்து வந்ததுதான். அங்கவடியைக் குட்டையாக வைப்பதால் முட்டி முன்னால் வரும், அதற்கு இடம் கொடுக்க, நம் கால் படுகிற பக்கத்தோல் முன்னோக்கி வெட்டப்பட்டிருக்கும். ஆனால் அங்கவடியில் நிற்கும்போது நம் எடை முழுக்க அங்கவடி வார் மாட்டுகிற இரண்டு இரும்புகளின் வழியாக இறங்கும். அவை சேணத்தின் முன்பாதியில் இருக்கின்றன. இருக்கையில் உட்கார்ந்தால் பரவுகிற எடை, நின்றால் முன்பக்கம் குவியும். அதனால் சும்மா சவாரி போகும்போது பொறுத்துக்கொள்கிற குறுகலான சட்டத்தைத் தாண்டும்போது குதிரையால் பொறுக்க முடியாது.

சரி, இனி தேடின கதை.

முதலில் ராகியின் முதுகை அளந்தேன். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வளைகோடு வரைய வைத்திருப்பார்களே, வளைத்தால் வளைத்தபடி நிற்கும் ரப்பர் அளவுகோல், அதை ஓசூரில் ஒரு எழுதுபொருள் கடையில் வாங்கினேன். ராகியைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிற்க வைத்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் பின்னால் அளவுகோலை முதுகின் குறுக்கே போட்டு அழுத்தினேன். அப்படியே வளைவு கலையாமல் எடுத்து அட்டையில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன். ஒரு சாண் பின்னால் இன்னொரு கோடு. பிறகு முதுகின் நீளவாக்கில் ஒன்று, மேட்டிலிருந்து கடைசி விலா வரை. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா. கடைசி விலாவை வயிற்றுப் பக்கத்திலிருந்து விரலால் பிடித்து மேலே ஏறிப் போனால் முதுகில் எங்கே சேருகிறது என்று தெரியும். சேணம் அதைத் தாண்டிப் போகக்கூடாது. அதற்குப் பின்னால் எடையைத் தாங்க அடியில் விலா கிடையாது.

கோடு போட்ட அட்டைகளை வெட்டி எடுத்தேன். ராகியை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போக முடியாது. அவள் முதுகை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன்.

முதல் சேணத்தைப் பார்த்தது பெங்களூரில், பயிற்சிப் பள்ளி ஒன்றில். உள்நாட்டுத் தயாரிப்பு. நம் நாட்டில் குதிரைச் சேணம் என்றால் கான்பூர்தான், வெளிநாடுகளுக்கும் அங்கிருந்து போகிறது, நல்லதும் உண்டு மட்டமானதும் உண்டு. அது பார்க்க மோசமில்லை. ஆனால் சேணத்தின் முன்னால் எழும்பி நிற்கும் முன்மேட்டின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் பிடித்து உள்நோக்கி அழுத்தியபோது அசைந்தது. 'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம். முன்வளைவு ஒரு நூல்கூட அசையக்கூடாது. அசைந்தால் சட்டம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். "ஸ்பிரிங் சட்டம், அப்படித்தான் இருக்கும்" என்றார் அங்கிருந்தவர். ஸ்பிரிங் சட்டத்தில் நெகிழ்வு இருக்கும்தான், ஆனால் அது இருக்கையில். முன்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பின்மேட்டை நம்மை நோக்கி இழுத்தால் இருக்கை கொஞ்சம் வளைந்து உடனே பழைய நிலைக்கு வரும். முன்வளைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சட்டம் உடைந்த சேணத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது சேணம் கோயம்புத்தூரில். அதைப் பற்றி எழுதும்போது இப்போதும் ஒரு ஏக்கம் வருகிறது. கறுப்புத் தோல், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி. வார்களை மடக்கிப் பார்த்தேன், விரிசல் இல்லை. தையல் ஒவ்வொன்றும் உறுதி. அட்டையை முன்வளைவில் வைத்தால் கோணம் கச்சிதமாகச் சேர்ந்தது. அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, கோணம்தான் முக்கியம். முதுகின் சரிவும் சட்டத்தின் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இது அப்படியே இருந்தது.

அப்புறம் நீளவாக்கு அட்டையை எடுத்து அடி மெத்தையின் மேல் வைத்தேன். முன்னால் தொட்டது, பின்னால் தொட்டது, நடுவில் என் மூன்று விரல் நுழைந்தது. ராகியின் முதுகு நடுவில் கொஞ்சம் பள்ளம், இந்தச் சேணத்தின் அடி கிட்டத்தட்ட நேர்கோடு. பாலம் மாதிரி இரண்டு முனையில் மட்டும் தாங்கும். எடை நான்கு இடத்தில் குத்தும், நடு முதுகு சும்மா கிடக்கும். விற்க வந்த அம்மா நல்லவர், "நடுவில் ஒரு பஞ்சு மெத்தை கொடுத்துச் சரி பண்ணிக்கலாமே" என்றார். கொஞ்சம் இடைவெளி என்றால் கம்பளி சேர்த்துச் சரி செய்யலாம். மூன்று விரல் இடைவெளியை அப்படிச் சரி செய்ய முடியாது. திரும்பி வரும் பேருந்தில் தொப்பூர் கணவாய் வரைக்கும் அதே நினைப்பு. தருமபுரி தாண்டினதும், சாலையோரக் கரட்டில் ஆவாரம் பூத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆவாரம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துத் தோல் தொழிலுக்கு ஆவாரம்பட்டைதான் ஒரு காலத்தில் உயிர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறிப் போனது. இன்றும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழில்தான். சேணத்துக்கு இப்படிப் பட்டையில் பதனிட்ட தோல்தான் சரி, இழுபடாது, தடிமனாக நிற்கும். ஆனால் மிகப் பழசானால் சில தோல்களுக்கு ஒரு நோய் வரும். மேற்பரப்பு உளுத்து, விரலால் தேய்த்தால் செங்கல் தூள் மாதிரி செந்நிறப் பொடி உதிரும். அதற்கு மருந்து கிடையாது. விற்பவர்கள் எண்ணெயை ஊற்றிக் கறுக்க வைத்து அதை மறைப்பதுண்டு. பக்கத்தோல் வெளியே அளவுக்கு மீறி மினுங்கினால், அதைத் தூக்கி அடியில் எண்ணெய் படாத இடத்தை வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். நான் இப்போது கைக்குட்டை இல்லாமல் எந்தச் சேணத்தையும் பார்க்கப் போவதில்லை.

மூன்றாவது சேணம் ஓசூரிலேயே கிடைத்தது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில், மாடிப்படிக்கு அடியில், சாக்கில் சுற்றி. ஸ்டுப்பன், 1894 முதல் சேணம் செய்துவரும் ஜெர்மன் கம்பெனி. ஆனால் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஓசூர்க் குளிருக்கும் மழைக்கும் பூஞ்சணம் பச்சையாகப் பூத்திருந்தது. இடது பக்கத்தோலில் முள்வேலி கிழித்த மாதிரி நீளமாக ஒரு கீறல். இருக்கை தேய்ந்து நிறம் வெளுத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, திண்ணையில் வெயிலுக்கு நேராகக் கவிழ்த்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

சட்டம் அசையவில்லை. இருக்கை இழுத்தால் வளைந்து திரும்பியது. பின்மேட்டுப் பக்கம் குனிந்து நின்று நீளவாக்கில் பார்த்தேன், அடி மெத்தைகளுக்கு நடுவில் ஓடுகிற வாய்க்கால் நேராகப் போனது. நாம் எல்லோரும் இடது அங்கவடியில் கால் வைத்து ஏறுகிறோம். ஏணியோ கல்லோ இல்லாமல் தரையிலிருந்தே வருடக்கணக்கில் ஏறினால் சட்டமே இடதுபுறம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சேணத்தில் உட்கார்ந்தால் நம் இடுப்பும் கோணும், குதிரையும் கோணும். இது முறுக்கவில்லை. வாய்க்காலில் நான்கு விரல் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டாமல் போனது. முதுகெலும்பின் மேல் எதுவும் படக்கூடாது, அதற்குத்தான் அந்த அகலம். சில சேணங்களில் முன்னால் நான்கு விரல் நுழையும், பின்னால் போகப் போக இரண்டு விரலாகச் சுருங்கும். பார்த்தவுடன் தெரியாது, கையை விட்டு இழுத்தால்தான் தெரியும்.

குறுக்கு அட்டைகள் இரண்டும் பொருந்தின. நீளவாக்கு அட்டையில் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி, அவ்வளவுதான். அடி மெத்தையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். உள்ளே கம்பளி, அது கட்டி கட்டியாக உறைந்து போயிருந்தது. வலதுபுறம் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. இது கெட்டது மாதிரி தோன்றும். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. கம்பளி என்றால் பிரித்து எடுத்துப் புதிதாக அடைக்கலாம். ஃபோம் அடைத்த சேணம் நசுங்கினால் நசுங்கியதுதான். பழைய சேணம் வேறொரு குதிரையின் முதுகைத் தன் மெத்தையில் வைத்துக்கொண்டுதான் நம்மிடம் வருகிறது. அதை அழித்துவிட்டு நம் குதிரையின் முதுகை அதில் எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

வயிற்று வார் கொக்கி மாட்டுகிற பட்டைகள் எல்லாம் ஓட்டைகளில் இழுபட்டு நீண்டிருந்தன. ஒன்றில் விரிசல். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நல்ல காரணம் அது, ஆனால் வாங்கினால் கண்டிப்பாக மாற்றியே ஆக வேண்டும். சேணத்தைக் குதிரையோடு பிடித்திருப்பது அந்தப் பட்டைகள்தான். அங்கவடி மாட்டும் இரும்புகளில் துரு மேலோட்டமாக மட்டும்தான். அதன் நுனியில் இருக்கும் கொக்கி திறந்து மூடியது. அதை எப்போதும் திறந்தே வையுங்கள். விழும்போது கால் அங்கவடியில் மாட்டினால் வார் கழன்று வர வேண்டும், இல்லாவிட்டால் குதிரை நம்மை இழுத்துக்கொண்டு ஓடும்.

அந்தப் பெரியவர் கேட்டது 18,000 ரூபாய். நான் முன்பணமாகப் பாதி கொடுத்து, மூன்று நாள் குதிரையின் மேல் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் உடனே சரி என்றார். "போட்டுப் பாக்காம வாங்கறவங்ககிட்ட நான் குடுக்க மாட்டேம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைப் பற்றி நன்றாக எழுதலாம்.

மறுநாள் காலை ராகியின் முதுகில், துணி எதுவும் போடாமல், வெறும் சேணத்தை வைத்தேன். மேட்டுக்கு முன்னால் வைத்து முடி போகிற திசையில் பின்னால் தள்ளினேன். ஓர் இடத்தில் அது தானாக நின்றது. அதற்கு மேல் தள்ளினால் முரண்டியது. அதுதான் அதன் இடம். பெரும்பாலானவர்கள் சேணத்தைத் தோளின் மேலேயே வைத்துக் கட்டிவிடுகிறார்கள், பிறகு குறுகல் என்கிறார்கள். முன்மேட்டுக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவில் மூன்று விரல். நான் ஏறி உட்கார்ந்த பிறகு லாயத்துப் பையன் விரலை விட்டுப் பார்த்தான், இரண்டரை. பக்கவாட்டில் கையைத் தட்டையாக வைத்து மேலிருந்து கீழே இறக்கினேன், அழுத்தம் ஒரே சீராக இருந்தது. இருக்கையின் மிகத் தாழ்வான இடம் நடுவில் இருந்தது. முதலில் வாங்கின சேணத்தில் அது பின்னால் தள்ளியிருக்கும், நான் எப்போதும் பின்பாரமாகச் சரிந்துகொண்டே இருந்தேன், என் கால் தவறு என்று நினைத்து மாதக்கணக்கில் காலையே திருத்திக்கொண்டிருந்தேன். சட்டம் குறுகலானால் முன்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், அதில் உட்காருபவர் பின்னால் போவார்.

என் உடம்புக்கான வசதியை நான் கடைசியாகத்தான் பார்த்தேன், ஆனால் பார்க்காமல் விடவில்லை. இருக்கை 17 அங்குலம். முன்மேட்டின் பக்கத்தில் இருக்கும் ஆணித்தலையிலிருந்து பின்மேட்டின் நடுவரை அளப்பது அது. உட்கார்ந்தால் பின்னால் என் கையகலம் மிச்சம் இருக்க வேண்டும், இருந்தது. அங்கவடியை மூன்று ஓட்டை குறைத்து முட்டியை வைத்தபோது, பக்கத்தோலின் விளிம்புக்கு உள்ளேயே முட்டி நின்றது. நீளத் தொடை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இருக்கை சரியாக இருந்தும் முட்டி விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால் அந்தச் சேணம் உங்களுக்கு இல்லை. பெரிய முட்டித் திண்டு வைத்த சேணங்கள் கடையில் உட்கார்ந்து பார்க்க அற்புதமாக இருக்கும், கால் தன் இடத்தில் பொருந்தியது மாதிரி. எனக்கு இதிலிருக்கும் சின்னத் திண்டுதான் பிடித்தது. தாண்டும்போது கால் அசைய இடம் வேண்டும்.

மூன்றாம் நாள் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றை அடியில் போட்டு நாற்பது நிமிடம் வேலை கொடுத்தேன். நடை, ஓட்டம், தரையில் கிடத்திய கட்டைகள், கடைசியில் அறுபது சென்டிமீட்டர் குறுக்குத் தடை ஐந்து முறை. இறங்கி, வாரைத் தளர்த்தி, சேணத்தை நேராக மேலே தூக்கினேன். இரண்டு நீளமான ஈரத் தடங்கள், நடுவில் முதுகெலும்பின் மேல் காய்ந்த கோடு. முதலில் வாங்கின சேணத்தில் தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருக்கும். சுற்றிலும் வியர்த்து நடுவில் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே வியர்க்கவே முடியாத அளவுக்கு அழுத்தம், இல்லையென்றால் அங்கே சேணம் தொடவே இல்லை. எது என்பதைக் கையை விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று வலதுபுறம் நடுவில், அந்த எலுமிச்சைக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம். முடி அங்கே சுழித்துக் கலைந்திருந்தது. மற்றபடி துணியில் மண் படிந்த அடையாளம் இரண்டு பக்கமும் ஒன்று போல இருந்தது. மீதிப் பணத்தை அன்று மாலையே கொண்டு போய்க் கொடுத்தேன்.

பெங்களூரில் சேணம் தைத்துப் பழகிய ஒருவர் பழைய கம்பளியை முழுக்க எடுத்து, சிக்கெடுத்துப் புதுக் கம்பளி அடைத்தார். அட்டைகளை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு அடைத்தார். பட்டைகள் எல்லாவற்றையும் மாற்றினார். கார் இருக்கைக்குப் போடும் தோலில் மாற்றித் தரலாம், மலிவு என்று வேறொருவர் சொல்லியிருந்தார், அந்தத் தோல் இழுபடும், வேண்டாம். எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். ஆக 24,500. முதலில் வாங்கினதை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். குறுகலான முதுகு கொண்ட ஓர் இளம் குதிரை வைத்திருப்பவர் தன் குதிரையின் மேல் போட்டுப் பார்த்து, பொருந்துகிறது என்று கண்டு, வாங்கிக்கொண்டார். சட்டத்தின் அகலத்தை நானே அளந்து எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன்.

ராகி உடனே மாறிவிடவில்லை. வாரைக் கட்டும்போது காதை மடக்குவது இன்னும் இரண்டு மாதம் தொடர்ந்தது. வலி போன பிறகும் வலியின் ஞாபகம் இருக்கும்தானே. அதனால் வாரை ஒரே இழுப்பில் கட்டாமல், ஓர் ஓட்டை, கொஞ்ச தூரம் நடை, இன்னொரு ஓட்டை என்று பழக்கினேன். கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரம், பனி விலகாத காலையில், நான் வாரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் தலையைத் திருப்பி என் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று மோந்து பார்த்தாள். காது இரண்டும் முன்னால் இருந்தது. அன்றைக்குத் தடை எதுவும் வைக்கவில்லை. ரோஜாத் தோட்டத்து வேலி ஓரமாக ஏரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.

அட்டைகள் லாயத்துச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. புதுக் கம்பளி படிந்து இறங்கும், குதிரையும் மாறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் அளவுகோலைப் போட்டு, அதே அட்டையில் வேறு நிறப் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி எழுதுகிறேன். இதுவரை மூன்று கோடுகள். இரண்டாவது முதலாவதைவிட ஒரு நூல் அகலம், மூன்றாவது இரண்டாவதின் மேலேயே விழுந்திருக்கிறது. அடுத்தது தைப் பொங்கல் கழித்து. அளவுகோலைப் பிடிக்க அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.